நீ ஒளித்துத் திரிந்த கிறவல் பாதை

மச்சான்,

கிழக்கு லண்டனில், பார்க்கிங் பகுதியின் ரோடிங் ஆற்றோரமாகப் போகும் நடைபாதைக்குக் கவுன்சில்காரர் புதிதாகக் கிறவல் கல்லுக் கொட்டியிருக்கிறார்கள். காலைத் தூறலில் அது நனைந்து, கல்லும் தூசியும் சேர்ந்த ஒரு மணம் வந்தது. அது மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் ஓடவில்லை. பக்கத்தில் கிடந்த மர வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். இத்தாலியில் நாங்கள் இரண்டு பேரும் சைக்கிள் ஓடிய அந்த ஆற்றங்கரையின் மணம் அது.

நான் எங்கே போய்க்கொண்டிருந்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். நாளைக்கு டாக்டரைப் பார்க்க வேண்டும். அந்த இடத்துக்கு எந்தப் பாதையால் போவது, எந்த வாசலால் உள்ளே போவது என்று இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிட்டு வரப் புறப்பட்டேன். என் கழுத்தடியில், காறை எலும்புக்கு மேலே, ஒரு கட்டி வந்திருக்கிறது. முதலில் கடலை அளவில் இருந்தது, இப்போது நெல்லிக்காய் அளவில் இருக்கிறது. நோவில்லை. நோகாத கட்டி நல்லதல்ல என்று யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை. மனைவிதான் கண்டுபிடித்து, என்னைத் திட்டி, போன் எடுத்து நாள் வாங்கினாள். இன்று நான் அந்த இடம் வரைக்கும் போகவில்லை. வாங்கிலிருந்து எழுந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அவள் வேலைக்குப் போயிருக்கிறாள். குசினி மேசையில் இருந்து உனக்கு எழுதுகிறேன், வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது என்பதால்.

என் பயங்கள் உனக்கு மனப்பாடம். நாய், லிஃப்ட், விடியப்புறம் அடிக்கும் டெலிபோன், விசா முடிவு சொல்லும் ஹோம் ஒஃபிஸ் முத்திரை குத்திய கடித உறை. ஈஸ்ட் ஹாமில் பெற்றோல் ஸ்ரேஷன் ஒன்றில் நாங்கள் இருவரும் ஒரே ஷிப்ட்டில் நின்ற காலத்தில், சண்டைக்கு வரும் குடிகாரர்களை நீதான் வெளியே அனுப்புவாய். நான் கண்ணாடிக்குப் பின்னால் சொக்லேட் அடுக்குவேன். "பஸ்ஸைக் கண்டாப் பிறகும் ஏறவோ விடவோ எண்டு யோசிக்கிற சாதி நீ" என்பாய். நீயோ லொறியின் பின்பெட்டிக்குள் ஒளித்துக் கடல் கடந்து லண்டன் வந்தவன். பிறகு வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கப் போனாய், ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டாம் என்றாய். உனக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று ஊரெல்லாம் சொன்னது, நானும் சொன்னேன்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆமிக்காரனின் சென்றிக் காவலரண் வந்தால் சைக்கிளில் இருந்து இறங்கி, தொப்பியைக் கழற்றி, உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் பழகிப்போன சட்டம். நீ அதை லண்டனிலும் கைவிடவில்லை. ஹை ஸ்ட்ரீட் நோர்த் கடைத்தெருவில் யூனிஃபோம் போட்ட யாராவது எதிரே வந்தால், கடைக் கண்ணாடியில் எதையோ கண்டவன் மாதிரி இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போவாய். அவர் தாண்டிப் போனதும் ஏறுவாய். கார் தரிப்புக்குத் தண்டம் எழுதுகிறவருக்கும் ஒருமுறை இறங்கினாய். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசாமல் வந்தேன்.

லண்டன் ரெயிலிலும் பஸ்ஸிலும் குண்டு வெடித்த கோடைக்குப் பிறகு, எங்கள் நிறத்தில் முதுகில் பையோடு போகும் எல்லோரையும் சனம் ஒரு மாதிரிப் பார்த்தது. ரெயில் ஸ்ரேஷன் வாசலில் பொலிஸ் உன்னை மறித்துப் பையைக் கொட்டச் சொன்னார்கள். பெயின்ற் பிறஷ்களும், பழைய துணியும், ஒரு சோற்றுப் பார்சலும் வந்தன. அந்தக் கதையை நீ எல்லோருக்கும் நடித்துக் காட்டினாய். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குப் பிறகுதான் ஒருநாள், சிரிப்பில்லாமல், இத்தாலிக்கு ஒருக்கால் போய் வருவோமா என்று கேட்டாய்.

லண்டனுக்கு வர முந்தி நீ அங்கே இருந்த கதையை அதுவரை துண்டு துண்டாகத்தான் கேட்டிருந்தேன். பார்மா என்ற நகரத்துக்குப் பக்கத்தில், தாரோ ஆற்றின் பள்ளத்தாக்கில், ஒரு மாட்டுப் பண்ணையில் சாணம் அள்ளும் வேலை. தொழுவத்துக்கு மேலே ஒரு அறை. கையில் ஒரு துண்டுப் பத்திரம் இல்லை. தார் றோட்டில் பாலத்தடியில் பொலிஸ் நின்று மறிக்கும் என்பதால், கடைக்கும் டெலிபோன் பெட்டிக்கும் நீ வயல்களுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே போகும் கிறவல் பாதைகளால் போய் வந்தாய். யாரோ கிழவி தந்த பழைய சைக்கிளில் அந்தப் பள்ளத்தாக்கின் எல்லாக் கிறவல் பாதையையும் பாடமாக்கினாய். "பொலிஸ் தார் றோட்டை விட்டு இறங்காது மச்சான், சப்பாத்திலை தூசி படும்" என்பாய். பத்திரம் கிடைத்து, பிரிட்டிஷ் பாஸ்போட்டும் வந்த பிறகு, அந்தப் பாதைகளில் ஒருமுறை நிமிர்ந்து இருந்து சைக்கிள் ஓட வேண்டும் என்பது உன் ஆசை. உன் மனைவி முழங்கால் நோவென்று தப்பிவிட்டாள், நான் அகப்பட்டேன்.

புதுச் சைக்கிள் இரண்டு வாங்கியதும் என் மனைவி எங்கள் ஃபிளாற் வாசலில் வைத்து, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசிக்கப் பண்ணினாள். மேல் வீட்டு வெள்ளைக்காரர் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். நீ அவருக்குக் கை காட்டினாய். எனக்கு விமானப் பயம் ஒரு பக்கம், கிறவலில் வழுக்கி விழும் பயம் மறுபக்கம். ஸ்ரான்ஸ்ரெட் விமான நிலையத்தில் சைக்கிள் பெட்டிகளை ஒப்படைக்கும்போதே இதெல்லாம் தேவைதானா என்று இருந்தது.

முதல் நாள் நல்ல வெயில். தக்காளி பிடுங்கும் காலம், லொறிகளில் இருந்து சிந்திய தக்காளிகள் சந்திகளில் நசிந்து கிடந்தன. நீ முன்னால் போனாய், நான் பின்னால் இரண்டு பிறேக்கையும் பிடித்தபடி வந்தேன். கிறவலில் பிறேக்கை இறுக்கினால்தான் சில்லு வழுக்கும், சைக்கிள் கொஞ்சம் ஆடினால் ஆடட்டும், கையைத் தளர்த்தி விடு என்று திரும்பித் திரும்பிச் சொன்னாய். நான் கேட்கவில்லை, இரண்டு தரம் விழுந்தேன். மத்தியானத்துக்குப் பிறகுதான் மெல்ல மெல்லக் கை தளர்ந்தது. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் சோளம், தூரத்தில் மலை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் உன் முகம் வேறு மாதிரி இருந்தது. ஒவ்வொரு சந்தியிலும் மண்ணிறப் பலகையில் சைக்கிள் படம் போட்டு அம்புக்குறி வைத்திருந்தார்கள். கண்ணாடியும் ஹெல்மெற்றும் போட்ட ஜேர்மன்காரர் குடும்பம் குடும்பமாக எங்களைக் கடந்து போனார்கள். நீ வேலை செய்த பண்ணையில் மாடு இல்லை. தொழுவத்தை வெள்ளையடித்து, சைக்கிளில் வருகிறவர்களுக்கு அறை வாடகைக்கு விட்டிருந்தார்கள். நீ வாசலில் நின்று நெடுநேரம் பார்த்தாய். பிறகு, "நான் ஒளிச்சுத் திரிஞ்ச றோட்டுக்கெல்லாம் போர்ட் போட்டு வைச்சிருக்கிறாங்கள்" என்றாய். சிரிப்பாய் என்று பார்த்தேன். நீ சிரிக்கவில்லை.

அடுத்த நாள் வானம் எங்களுக்கு மேலே வெளிச்சமாகத்தான் இருந்தது. தெற்கே மலைப்பக்கம் மட்டும் கறுத்திருந்தது, அங்கே இரவு முழுக்க மழை பெய்ததாம். அந்த ஆற்றை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அகலமான கல் படுக்கை, அதன் இரு கரையிலும் உயரமாக மண் அணை, அணைக்கும் ஆற்றுக்கும் இடையில் வரிசை வரிசையாக நட்ட பொப்லர் மரங்கள். அந்த மரங்களுக்கு ஊடாகத்தான் எங்கள் கிறவல் பாதை போனது. வெள்ளம் வந்தால் அந்த நிலம் ஆற்றுக்குச் சொந்தம் என்று முதல் நாளே நீ எனக்குச் சொல்லியிருந்தாய்.

முன்னே, பாதை அணைமேல் ஏறும் இடத்தில், வெள்ளை வான் வண்டி ஒன்று நின்றது. அதன் தலையில் நீல வெளிச்சம் சுற்றியது. யூனிஃபோமும் தொப்பியும் போட்ட ஒரு மனிதர் எங்களைப் பார்த்து இரண்டு கையையும் வீசிக் கத்தினார். ஆற்று இரைச்சலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, விளங்கினாலும் எனக்கு இத்தாலியன் தெரியாது. உனக்கு ஒரு சொல் மட்டும் கேட்டதாம். 'நில்.'

நீ சைக்கிளை விட்டு இறங்கினாய். தொப்பியைக் கழற்றினாய். எனக்கு வழமையான சிரிப்பு வர இருந்த நேரத்தில், நீ சைக்கிளைத் திருப்பி மரங்களுக்குள்ளே ஓடினாய். என்னையும் வரச் சொல்லிக் கை காட்டினாய். உனக்குத் தெரிந்த ஊர், ஏதோ காரணம் இருக்கும் என்று நானும் பின்னால் ஓடினேன். அணையை விட்டு விலகி, ஆற்றுப் பக்கமாக ஓடினோம். ஒரு பற்றைப் புதருக்குப் பின்னால் சைக்கிளைப் படுக்கப் போட்டுவிட்டுக் குந்தினாய். என் தோளைப் பிடித்து அமத்தினாய்.

என்ன நடக்கிறது என்று கேட்டேன். பேசாதே என்று சைகை காட்டினாய். விசில் சத்தம் அணைமேல் அங்கும் இங்கும் அலைந்தது. அப்போதுதான் என் சப்பாத்து நனைவதைக் கண்டேன். மர வரிசைகளுக்கு இடையே இருந்த பள்ளங்களால், சத்தமே இல்லாமல், மண்ணிறத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அதில் சருகும் பிளாஸ்ரிக் போத்தல்களும் மிதந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் சைக்கிள்களின் மிதி மூழ்கியது. அந்த மனிதர் எதற்குக் கத்தினார் என்பது அந்தக் கணத்தில்தான் விளங்கியது.

உனக்கும் விளங்கியது, மச்சான். உன் கண்ணில் பார்த்தேன். ஆனாலும் நீ எழும்பவில்லை. எங்களிடம் பாஸ்போட் இருக்கிறது, அது பிரிட்டிஷ் பாஸ்போட் என்று சொன்னேன். அதை நீ பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு கட்டியிருந்தாய். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னாய்.

"முதலே நிண்டிருந்தாப் பரவாயில்லை. இப்ப வெளியிலை போனா, ஏன் ஓடினனி எண்டு கேப்பாங்கள். அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை."

ஓடினவன் திரும்பி வரக்கூடாது. எங்கள் ஊரில் சென்றிக்கு முன்னால் பயத்தில் திரும்பி ஓடி, பிறகு புத்தி வந்து கையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒருவனுக்கு என்ன நடந்தது என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். தண்ணீர் முழங்காலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. நீ அந்த இத்தாலி ஆற்றங்கரையில் இல்லை, வேறெங்கோ குந்திக்கொண்டிருந்தாய்.

அந்த நேரத்தில் எனக்கு எங்கிருந்து வாய் வந்தது என்று தெரியாது. உனக்கு ஒரேயொரு பயம்தான் இருந்தது, அதை என்ன செய்வதென்று உனக்குத் தெரியவில்லை. எனக்கு நூறு பயம். ஒன்றைவிட இன்னொன்றுக்குக் கூடுதலாகப் பயந்து பயந்துதான் நான் காலையில் எழும்பி வேலைக்கே போகிறேன்.

"எனக்கும் அந்த மனிசனைக் கண்டாப் பயம்தான்" என்றேன். "ஆனா தண்ணியைக் கண்டா இன்னும் கூடப் பயம். நீ பயப்பிடாதை எண்டு சொல்லேல்லை. பயத்தோடையே வா."

உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ வந்தாய். சைக்கிளை விட்டுவிட்டு வரச் சொன்னேன், அது மட்டும் முடியாது என்று உருட்டிக்கொண்டே வந்தாய். தண்ணீர் இடுப்பு வரைக்கும் வந்து, கல்லெல்லாம் காலுக்குக் கீழே நகர்ந்தபோதுதான் அதை விட்டாய். அது மரத்தில் ஒருமுறை மோதிவிட்டுப் போனது. நான் வாழ்க்கையில் கும்பிட்ட எல்லாத் தெய்வத்தின் பெயரையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு நடந்தேன். அணைச் சரிவில் புல்லைப் பிடித்து ஏறியபோது அந்த மனிதர் இறங்கி வந்து, முதலில் உன்னை, பிறகு என்னை, சட்டைக் கொலரில் பிடித்துத் தூக்கினார். நாங்கள் குந்தியிருந்த பற்றை சற்று நேரத்தில் கண்ணில் படவில்லை.

அவர் பொலிசே இல்லை. வெள்ளக் காலத்தில் ஆற்றோரத்துச் சனத்தை எச்சரிக்க வரும் தொண்டர், நரைத்த மீசைக்காரர். நீ இரண்டு கையாலும் பாஸ்போட்டை அவருக்கு நீட்டினாய். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. உன் கையைத் தள்ளிவிட்டுத் தன் ஜக்கெற்றைக் கழற்றி உனக்குப் போட்டார். போட்டபடியே ஏதோ கேட்டார். நீ ஒரு சொல்லில் மறுமொழி சொன்னாய். அவர் எங்களை வான் வண்டியில் ஏறச் சொன்னார். என்ன கேட்டார் என்று உன்னிடம் பிறகு கேட்டேன். ஏன் ஓடினாய் என்றுதான் கேட்டாராம். "பழக்கம் எண்டு சொன்னன்" என்றாய்.

லண்டனில் அந்தக் கதையை நீ யாருக்கும் நடித்துக் காட்டவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. சைக்கிள் களவு போனது என்று வீட்டில் சொன்னோம்.

அதற்கு அடுத்த வருடம் நீ மெலியத் தொடங்கினாய். பெல்ற்றில் புது ஓட்டை போட்டாய். மெலிந்தவனைத்தான் ஏணி விரும்பும் என்றாய். டாக்டரிடம் போனாயா என்று நானும் உன் மனைவியும் மாறி மாறிக் கேட்டோம். "போறன், போறன்" என்றாய். ஒருநாள் வேலை செய்த வீட்டிலேயே மயங்கி விழுந்து, அம்புலன்ஸ் கொண்டுபோனது. புற்றுநோய், வயிறெல்லாம் பரவிவிட்டது என்று சொன்னார்கள். வார்ட்டில் உன் பக்கத்தில் இருந்தபோது நீ யன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"ரத்தம் போகத் தொடங்கிக் கனகாலம், மச்சான். முதலே போயிருக்கோணும். பிந்தினாப் பிறகு போனா, ஏன் இவ்வளவு நாளும் வரேல்லை எண்டு கேப்பாங்கள் எண்டுதான் போகேல்லை."

எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் இருக்கிறது. நீ திரும்பவும் அந்தப் பற்றைக்குப் பின்னால் போய்க் குந்தியிருந்தாய், அதுவும் மாதக்கணக்கில், எங்களோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டே. அணைமேல் நின்று விசில் ஊத ஒருவரும் இருக்கவில்லை. போன மாரியில் உன்னை எடுத்துக்கொண்டு போன அன்று, மேனோர் பார்க் மயானத்து வாசலில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

இந்தக் கட்டியை நானே முதலில் கண்டேன் என்பதை மனைவிக்குச் சொல்லவில்லை. கொலரை மேலே இழுத்து விட்டுக்கொண்டு திரிந்தேன். கன நாள் போய்விட்டது. நாளைக்கு அங்கே போனால் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

*

மறுநாள்.

போய்விட்டு வந்தேன். வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன், திரும்பிப் போக ஒருமுறை பஸ் ஸ்ரொப் வரைக்கும் நடந்தேன். பிறகு திரும்பி வந்து, கூப்பிட்டதும் உள்ளே போனேன். டாக்டர் இளம் பெண், தடிமன் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கட்டி எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்டாள். உள்ளதைச் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்து, அதே கேள்வியைக் கேட்டாள். ஏன் இவ்வளவு நாளும் வரவில்லை?

பயமாக இருந்தது என்று என் அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன்.

அவள் "சரி" என்றாள். எழும்பிப் போய்க் கையைக் கழுவி, குளிராமல் இருக்கத் தேய்த்துவிட்டு வந்து, கழுத்தைத் தொட்டுப் பார்க்கத் தொடங்கினாள்.

அவ்வளவுதான் மச்சான். அந்தக் கேள்விக்கு அங்காலே வேறொன்றும் இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி குத்திப் பார்க்க வேண்டுமாம், முடிவு வரும்வரை நான் சாப்பிடப் போவதில்லை, நித்திரையும் வராது. பயத்தோடையே போவேன், எனக்கு அது முடியும். உன்னிடமும் அவள் இதைத்தான் கேட்டிருப்பாள். பழக்கம் என்று நீ சொல்லியிருந்தாலே போதும், கையைக் கழுவிவிட்டு வந்திருப்பாள்.